யார் எப்போது அடிப்பார்கள்? ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே கேமைப் பற்றியவை. ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ். ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் 1997-இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது, இயக்கியவர் யசுமி மட்சுனோ. விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மேடு பள்ளமான சதுரக் கட்டங்களால் ஆன ஒரு சின்னக் களம், உங்கள் பக்கம் நாலைந்து பேர், எதிரே ஐந்தாறு பேர், ஒவ்வொருவராக முறை வரும்போது நகர்ந்து அடிப்பார்கள், சண்டைகளுக்கு நடுவே அரியணைப் போட்டியும் துரோகமுமாக ஒரு கனமான கதை ஓடும். 2025 செப்டம்பர் கடைசியில் புதிய பதிப்பு வந்த பிறகு நிறைய பேர் முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறார்கள், வந்த வேகத்தில் நாலாவது சண்டையிலேயே மாட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். வந்த கேள்விகளைப் படித்தால் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. எல்லோரும் யார் பலசாலி என்று பார்க்கிறார்கள், அடுத்து யாருடைய முறை என்று பார்ப்பதில்லை. கீழே நான் சொல்லும் எண்கள் பழைய ஆட்டத்திலும் மொபைல் பதிப்பிலும் உள்ளவை.

கேள்வி: பழைய பதிப்பு, பி.எஸ்.பி. பதிப்பு, மொபைல், புதுசு என்று இத்தனை இருக்கிறதே, எதை வாங்குவது? என்னிடம் ஒரு சுமாரான லேப்டாப்பும் ஆண்ட்ராய்டு போனும் இருக்கின்றன.
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: லேப்டாப்பில் ஓடும் என்றால் புதியது, அதாவது தி இவாலிஸ் கிரானிக்கிள்ஸ். வாங்குவதற்கு முன் ஸ்டீமில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையை உங்கள் லேப்டாப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தானாகச் சேவ் ஆகும் வசதி இருக்கிறது, ஸ்க்வயர், நைட், டாக்டிஷியன் என்று மூன்று கடினநிலைகள் இருக்கின்றன, முதல்முறை ஆடுபவர் நடுவில் உள்ள நைட்டை எடுத்தால் போதும். வசனங்களுக்குக் குரலும் கொடுத்திருக்கிறார்கள்.

லேப்டாப் இழுக்காவிட்டால் போனில் வார் ஆஃப் த லயன்ஸ். இது 2007-இல் பி.எஸ்.பி.க்கு வந்த பதிப்பின் மொபைல் வடிவம். பி.எஸ்.பி.யில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஆட்டம் திணறும், போனில் அந்தத் தொல்லை இல்லை. டார்க் நைட், ஆனியன் நைட் என்று இரண்டு கூடுதல் ஜாப்கள் (ஒரு வீரர் எடுத்துக்கொள்ளும் தொழில்கள்) இதில் உண்டு, 2025 பதிப்பில் அவை கிடையாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம், முதல்முறை ஆடும்போது அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். ஒரு விஷயம் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1997 ஆட்டத்துக்காக எழுதப்பட்ட கைடுகளில் ஆட்களின் பெயரும் திறன்களின் பெயரும் வேறாக இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

கேள்வி: எதிரிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது, என் ஆளுக்கு வரவே மாட்டேன் என்கிறது. இது பக் தானே?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: பக் இல்லை. முழு ஆட்டமும் இதன் மேல்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த கேமில் “நம்ம டீம் ஒரு சுற்று, எதிரி டீம் ஒரு சுற்று” என்கிற கணக்கே கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் சி.டி. என்று ஒரு அளவு உண்டு. ஆளுக்கு ஒரு குடம் வைத்து ஆளுக்கொரு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், குழாயின் வேகம்தான் அந்த ஆளின் ஸ்பீடு. ஆட்டத்தின் கடிகாரம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் எல்லோருடைய சி.டி.யிலும் அவரவர் ஸ்பீடு கூடும். 100-ஐத் தொட்டவருக்கு முறை வரும். ஸ்பீடு 6 உள்ளவர் 100-ஐத் தொட 17 துடிப்பு ஆகும், 8 உள்ளவருக்கு 13, 10 உள்ளவருக்கு 10. திரையில் பார்த்தால் 6-க்கும் 8-க்கும் பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி தெரியும், ஆனால் ஸ்பீடு 8 உள்ளவர் நாலு முறை ஆடி முடிக்கும்போது 6 உள்ளவர் மூன்றுதான் ஆடியிருப்பார். அதனால்தான் கடையில் ஸ்பீடு ஒன்று கூட்டும் பொருள் எது கண்ணில் பட்டாலும் வாங்கிப் போடுங்கள் என்று சொல்கிறேன்.

அடுத்தது இன்னும் முக்கியம், ஏனென்றால் இது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் முறையில் நகர்ந்து, அடிக்கவும் செய்தால் சி.டி.யிலிருந்து முழுசாக 100 கழியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80 தான் கழியும், மீதி 20 கையில் நிற்கும். எதுவுமே செய்யாமல் காத்திருந்தால் 60 தான் கழியும், அதாவது அடுத்த முறைக்கு 40 ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? எதிரி எட்டவில்லை என்றாலும், நகர முடிகிறதே என்று முதல் முறையிலேயே முன்னால் போய் நின்றுவிடுகிறார்கள். எதிரி வந்து அடிக்க வேண்டிய தூரத்தை நீங்களே குறைத்துக் கொடுத்துவிட்டீர்கள், போதாததற்கு நகர்ந்ததற்கான விலையையும் கொடுத்துவிட்டீர்கள். அவர்கள் வரட்டும். நீங்கள் நின்று காத்திருந்து, எட்டும் தூரத்துக்கு வந்ததும் முதல் அடியை நீங்கள் கொடுங்கள்.

ஒவ்வொரு முறையும் எதையாவது அழுத்துவதற்கு முன்னால் வரிசையைப் பாருங்கள். புதிய பதிப்பில் அது திரையிலேயே தெரிகிறது, பழையதில் மெனுவில் போய்ப் பார்க்க வேண்டும், பார்க்கச் சோம்பல் படாதீர்கள்.

கேள்வி: நான் போட்ட ஃபயர் மந்திரம் எதிரியை விட்டுவிட்டு என்னுடைய நைட் வீரரை எரித்துவிட்டது! எதிரியைத்தான் குறி வைத்தேன், சத்தியமாக.
— பிளஸ் ஒன் மாணவி, தஞ்சாவூர்

பதில்: எதிரியைத்தான் குறி வைத்திருப்பாய் அம்மா, நம்புகிறேன். நடந்தது இதுதான்.

அம்பு, வாள், பொஷன் என்ற மருந்து எல்லாம் அந்த நொடியே நடந்துவிடும். மந்திரம் அப்படி இல்லை, ஓதி முடிக்க நேரம் எடுக்கும். மந்திரத்துக்கும் ஒரு ஸ்பீடு உண்டு, அதுவும் 100-ஐ எட்டியாக வேண்டும். ஃபயரின் ஸ்பீடு 25, அதாவது நாலு துடிப்பு. ஃபயராகா மாதிரி பெரிய மந்திரங்களுக்கு ஏழு துடிப்பு. இந்த இடைவெளியில் யாருக்கெல்லாம் முறை வருகிறதோ அவர்கள் எல்லாம் நகர்ந்துவிடுவார்கள்.

மந்திரம் போடும்போது “ஆளைக் குறி வைக்கவா, கட்டத்தைக் குறி வைக்கவா” என்று கேம் கேட்கும். ஆள் என்று சொன்னால், அந்த எதிரி எங்கே போனாலும் மந்திரம் பின்னாலேயே போகும். நீ ஆளைத் தேர்ந்தெடுத்திருப்பாய், அவன் தன் முறையில் நேராக உன் நைட்டின் பக்கத்தில் வந்து நின்று வெட்டியிருப்பான், அப்புறம் ஃபயர் இறங்கியிருக்கும். ஃபயர் ஒரு கட்டத்தோடு நிற்காது, நடுக்கட்டமும் சுற்றியுள்ள நாலு கட்டமும் சேர்ந்து எரியும். எதிரி உன் மந்திரத்தை உன் ஆளிடமே சுமந்து வந்து கொடுத்துவிட்டான்.

இதற்கு வழி, போடுவதற்கு முன்னால் வரிசையைப் பார்ப்பதுதான். உன் மந்திரம் வரிசையில் எந்த இடத்தில் வந்து விழும் என்று கேமே காட்டும். அந்த எதிரியின் முறைக்கு முன்னால் மந்திரம் விழுகிறது என்றால் தைரியமாகப் போடு. பின்னால் விழுகிறது என்றால் வேறு எதிரியைத் தேர்ந்தெடு, அல்லது அந்த முறை மந்திரமே வேண்டாம், கையில் இருக்கும் கோலால் ஒரு தட்டு தட்டு. இதையே திருப்பியும் போடலாம்: வேகமாக ஓடக்கூடிய உன் ஆள் ஒருவரின் மேலேயே மந்திரத்தைக் குறி வைத்துவிட்டு, அவரை எதிரிக் கூட்டத்துக்குள் அனுப்பலாம். அவருக்கும் சூடு படும், ஆனால் கூடவே மூன்று எதிரிகளுக்குப் பட்டால் லாபம்தான்.

க்யூரும் இதே கணக்குதான். குணப்படுத்தும் மந்திரம் இறங்கும்போது பக்கத்துக் கட்டத்தில் எதிரி நின்றால் அவனுக்கும் உடம்பு தேறிவிடும்.

இன்னொன்று, ஓதிக்கொண்டிருக்கும் ஆளால் அடியைத் தவிர்க்க முடியாது, கத்தி அம்பு அடிகள் அவருக்கு ஒன்றரை மடங்காக விழும். மந்திரம் ஓதும் உன் மேஜ் ஆளை முன்வரிசையில் நிறுத்தாதே. எதிரி மேஜ் ஓத ஆரம்பித்தால் அந்த நொடியே எல்லோரும் அவன் மேல் பாயுங்கள், அவன் விழுந்தால் மந்திரமும் போயிற்று.

கேள்வி: ஆரம்பத்தில் யாரை எந்த ஜாபில் போடுவது? இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
— வாசகர், சேலம்

பதில்: முதல் சில சண்டைகளுக்கு ஐந்து பேரில் ஒருவராவது கெமிஸ்ட், அதாவது மருந்து கொடுப்பவர், ஆக இருக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. குணப்படுத்தும் மந்திரத்தை ஒயிட் மேஜ் ஓதி முடிப்பதற்குள் ஆள் செத்துவிடுவார், கெமிஸ்ட் எறியும் பொஷன் உடனே வேலை செய்யும், நாலு கட்டம் தள்ளியும் எறியலாம். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கடையில், விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் பத்து வாங்கி வைத்துவிட்டால் போதாது. கெமிஸ்ட் ஜாபில் பொஷன், ஃபீனிக்ஸ் டவுன் என்று ஒவ்வொன்றையும் ஜே.பி. (சண்டையில் சம்பாதிக்கும் ஜாப் புள்ளிகள்) கொடுத்துத் தனித்தனியாகக் கற்றுக்கொண்டால்தான் பயன்படுத்த முடியும். மூட்டையில் மருந்து இருக்கும், கொடுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார், அந்த நிலைமை வேண்டாம். முதலில் பொஷன், உடனே அடுத்தது ஃபீனிக்ஸ் டவுன்.

மற்றவர்களை ஸ்க்வயர் என்ற ஆரம்ப ஜாபில் கொஞ்ச நாள் வைத்து ஜே.பி. பூஸ்ட் வாங்கிவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டால் ஜே.பி. ஒன்றரை மடங்காகக் கிடைக்கும், எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறீர்களோ அவ்வளவு லாபம். அதன் பிறகு மூவ் பிளஸ் ஒன். ஒரே ஒரு கட்டம் கூடுதலாக நடப்பது பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் எதிரியின் முதுகுப் பக்கம் போய் நிற்க முடிகிறதா இல்லையா என்பதை அந்த ஒரு கட்டம்தான் தீர்மானிக்கும்.

நைட் வழியாகப் போனால் மாங்க் கிடைப்பார். என்னைக் கேட்டால் முதல் இரண்டு அத்தியாயங்களில் அவருக்கு இணையே கிடையாது. ஆயுதம் வாங்கத் தேவையில்லை, வெறும் கை போதும், தூரத்திலிருந்து அடிக்கும் திறன், சக்ரா என்று சுற்றியுள்ளவர்களைக் குணப்படுத்தும் திறன், விழுந்தவரை எழுப்பும் திறன், எல்லாமே ஓதாமல் உடனே நடப்பவை. ஆர்ச்சரிடம் வில்லுக்காகப் போங்கள், “எய்ம்” திறன்களில் பெரிய எண் உள்ளவற்றுக்கு ஜே.பி. செலவழிக்காதீர்கள், அம்பு கிளம்புவதற்குள் சண்டையின் நிலைமையே மாறிவிடும்.

ஒருவர் ஒரு ஜாபில் ஜே.பி. சம்பாதித்தால், கூட நிற்கும் உங்கள் ஆட்களுக்கும் அதே ஜாபில் கால் பங்கு சேரும். அதனால் எல்லோரையும் எல்லா ஜாபிலும் தனித்தனியாக உட்கார வைத்துத் தேய்க்க வேண்டியதில்லை. எட்டும் தூரத்தில் யாரும் இல்லாத முறையில் ஸ்க்வயரின் ஃபோகஸைத் தன் மேலேயே போட்டுக்கொண்டால் அதற்கும் ஜே.பி. உண்டு.

கேள்வி: டார்ட்டர் நகரம். ஐந்து தடவை தோற்றுவிட்டேன். கூரை மேல் நிற்கும் வில்காரனைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பலரும் இங்கேதான் கேமை மூடி வைக்கிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள்.

முதலில், மண்டாலியா சமவெளிக்குத் திரும்பிப் போய் இரண்டு மூன்று சில்லறைச் சண்டை போடுங்கள். மேலே சொன்ன கெமிஸ்ட், ஜே.பி. பூஸ்ட் வேலைகளை முடியுங்கள். கையில் இருக்கும் பணத்துக்குத் தொப்பியும் உடையும் வாங்குங்கள், இந்தக் கட்டத்தில் புது வாளைவிட கூடுதலாக 20 ஹெச்.பி. (உயிர் அளவு) தரும் உடை மேல்.

சண்டைக்குள் போனதும் ஓடாதீர்கள். அம்பை உயரத்தில் இருந்து எய்தால் அதிக தூரம் போகும், நீங்கள் கீழே வெட்டவெளியில் வரிசையாக ஓடினால் அவனுக்கு வசதிதான். ஆனால் வில்லுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது: பக்கத்தில் ஒட்டி நிற்பவரை எய்ய முடியாது. கூரைக்கு ஏறக்கூடிய ஓர் ஆளை அனுப்பி அவனோடு ஒட்டி நிற்க வையுங்கள், அவன் எய்ய வேண்டும் என்றால் விலகிப் போயாக வேண்டும், கூரையில் விலக எவ்வளவு இடம் இருக்கிறது? ஸ்க்வயரின் கல்லெறி சில சமயம் ஆளைப் பின்னால் தள்ளும், கூரை ஓரத்தில் நிற்பவன் கீழே விழுந்தால் விழுந்த அடியும் சேரும்.

மீதிப் பேர் பிளாக் மேஜ்களைக் கவனியுங்கள். அவர்களுக்கு உடம்பில் தெம்பு கிடையாது, ஆனால் உங்கள் ஆட்கள் கும்பலாக நின்றால் ஒரே மந்திரத்தில் மூன்று பேரைப் படுக்க வைத்துவிடுவார்கள். ஒருவருக்கொருவர் இரண்டு கட்டமாவது இடைவெளி விட்டு நில்லுங்கள். கதையில் வரும் தோழர்கள் டெலிடாவும் ஆர்கத்தும் கூட வருவார்கள், அவர்கள் கேமின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், முன்னால் ஓடி அடி வாங்குவார்கள், வாங்கட்டும். எதிரியின் கவனம் அந்தப் பக்கம் இருக்கும் நேரம்தான் உங்கள் நேரம்.

ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் எந்தத் திசையைப் பார்த்து நிற்பது என்று கேம் கேட்கிறதே, அதை அவசரமாக அழுத்திவிடாதீர்கள். எதிரில் இருந்து வரும் அடியைத் தவிர்க்கும் திறமை முழுசாக வேலை செய்யும். பக்கவாட்டில் கேடயம் காப்பாற்றும், ஜாபுக்கான தவிர்ப்பு வேலை செய்யாது. முதுகில் விழும் அடிக்குக் கேடயமும் உதவாது, மேலங்கி மாதிரி துணைப்பொருள் போட்டிருந்தால் மட்டும் ஏதோ கொஞ்சம். சுவரோரமாக முதுகைக் கொடுத்து நிற்கப் பழகுங்கள்.

கேள்வி: செத்தவர்கள் நிஜமாகவே திரும்ப வரமாட்டார்களா?
— வாசகி, சென்னை

பதில்: விழுந்த உடனே போய்விடுவதில்லை. தலைக்கு மேல் 3 என்று தெரியும், அவருடைய முறை வரவேண்டிய நேரம் ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க 2, 1, 0 என்று இறங்கும், அதற்குப் பிறகுதான் அவர் ஸ்படிகமாகவோ பெட்டியாகவோ மாறுவார். மாறினால் நிரந்தரமாகப் போய்விட்டார். அதற்குள் ஃபீனிக்ஸ் டவுன் எறிந்தாலும் சரி, சண்டையையே முடித்துவிட்டாலும் சரி, பிழைத்துக்கொள்வார். மற்றவர்கள் நின்றுகொண்டிருக்கும் வரை கதாநாயகன் ராம்ஸா விழுந்தால் உடனே ஆட்டம் முடியாது, ஆனால் அவர் ஸ்படிகமாகிவிட்டால் முடிந்தது.

இதே விதி எதிரிக்கும் உண்டு. எதிரி ஸ்படிகமானால் அந்தக் கட்டத்தில் உங்கள் ஆளை நிறுத்துங்கள், ஒன்று ஹெச்.பி.யும் எம்.பி.யும் (மந்திர சக்தி) நிரம்பும், இல்லையென்றால் அவனுக்குத் தெரிந்த திறன்களை ஜே.பி. செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம். நல்ல திறன் உள்ள எதிரி விழுந்தால் சண்டையைக் கொஞ்சம் இழுத்து, அவன் ஸ்படிகமாகும் வரை காத்திருப்பது தவறே இல்லை.

கேள்வி: லெவல் ஏற்றிக்கொண்டே போனால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நினைத்து ஆடினேன். இப்போது வழியில் வரும் மிருகங்களே அடித்துப் போடுகின்றன. ஏன்?
— வாசகர், ஓசூர்

பதில்: கதைச் சண்டைகளில் எதிரிகளின் லெவல் பெரும்பாலும் முன்கூட்டியே வைக்கப்பட்டது. வழியில் வரும் சண்டைகள் அப்படி இல்லை, உங்கள் லெவலோடு சேர்ந்து அவையும் ஏறும். கடையில் கிடைக்கும் வாளும் கவசமும் கதை நகர்ந்தால்தான் மாறும். ஆகவே கதையை நகர்த்தாமல் லெவலை மட்டும் ஏற்றினால், முதல் அத்தியாயத்து உடையோடு உயர்ந்த லெவல் மிருகத்தின் முன் நிற்பீர்கள், அதிலும் ரெட் சோகோபோ என்ற சிவப்புப் பறவை இரண்டு சேர்ந்து வந்தால் தூரத்திலிருந்தே முடித்துவிடும்.

லெவலைத் துரத்தாமல் ஜே.பி.யைத் துரத்துங்கள். நல்ல திறன் நாலு இருக்கும் லெவல் 12 ஆள், ஒன்றுமே கற்காத லெவல் 25 ஆளைவிடப் பயனுள்ளவர். கதைச் சண்டை ஒன்று, தேவைப்பட்டால் வழிச் சண்டை ஒன்று இரண்டு, திரும்பக் கதை, இந்த அளவு போதும்.

கேள்வி: பிரேவ், ஃபெய்த் என்று இரண்டு எண் இருக்கிறதே, இரண்டையும் ஏற்ற வேண்டுமா?
— வாசகர், பெங்களூரு

பதில்: பிரேவை ஏற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். அடி வாங்கினால் தானாக நடக்கும் திறன்கள் இருக்கின்றன இல்லையா, அவை எத்தனை சதவீதம் நடக்கும் என்பதே பிரேவ் எண்தான். பிரேவ் 70 என்றால் 70 சதவீதம். மாங்க்கின் கை அடியும் பிரேவோடு கூடும். இரண்டாவது அத்தியாயத்தில் ராம்ஸாவுக்கு ஸ்டீல் என்ற திறன் வரும், ஒரு முறை போட்டால் பிரேவ் 5 கூடும். சண்டைக்குள் கூடியதில் கால் பங்கு நிரந்தரமாக நிற்கும். நாலு தடவை போட்டால் 20 கூடும், சண்டை முடிந்ததும் 5 உங்களுடையது.

ஃபெய்த்தில் யோசித்துத்தான் செய்ய வேண்டும். மந்திரத்தின் பலம் போடுபவரின் ஃபெய்த், வாங்குபவரின் ஃபெய்த் இரண்டையும் பெருக்கித்தான் வருகிறது. ஃபெய்த் அதிகம் உள்ளவர் நன்றாகச் சுடுவார், எதிரி சுட்டால் நன்றாக எரியவும் செய்வார். குறைந்தவருக்கு எதிரி மந்திரம் அவ்வளவாக உறைக்காது, ஆனால் உங்கள் க்யூரும் ஏறாது. அதனால்தான் முன்வரிசை ஆட்களுக்கு பொஷன் நல்லது, பொஷனுக்கு ஃபெய்த் தேவையில்லை. ஏற்றுகிறேன் என்று 95-க்குக் கொண்டுபோய்விடாதீர்கள், அந்த ஆள் படையை விட்டே போய்விடுவார்.

கேள்வி: கதை நடுவில் விட்டுப்போயிற்று. யார் யாருக்கு எதிரி?
— வாசகி, புதுச்சேரி

பதில்: இவாலிஸ் நாடு ஐம்பது ஆண்டுப் போரில் தோற்றுக் களைத்துக் கிடக்கிறது. அரசர் இறக்க, வாரிசு சிறு குழந்தை. குழந்தை இளவரசனுக்காக லார்க் பிரபு, அவர் சின்னம் வெள்ளைச் சிங்கம். இளவரசி ஒவேலியாவுக்காக கோல்டானா பிரபு, அவர் சின்னம் கருஞ்சிங்கம். ராம்ஸா பெரிய வீட்டுப் பிள்ளை, டெலிடா அதே வீட்டில் வளர்ந்த சாதாரணக் குடும்பத்துப் பையன், ஒரே போர் இரண்டு பேரையும் எப்படி இரண்டு பக்கம் கொண்டுபோகிறது என்பதுதான் கதையின் உயிர். பிறப்பை வைத்து ஒருவனைப் பக்கத்தில் இருப்பவனே மிருகம் என்று பேசும் காட்சிகள் முதல் அத்தியாயத்திலேயே வரும், அவற்றை அவசரமாகத் தட்டிக் கடக்காதீர்கள். மெனுவில் க்ரானிக்கிள் என்ற பகுதியில் ஒவ்வொருவரைப் பற்றியும் அதுவரை நடந்தது இருக்கும், அத்தியாயம் மாறும்போது ஒரு முறை படித்துவிடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகனுக்கு வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: ரத்தக்களறியாகக் காட்ட மாட்டார்கள், ஆனால் கொலை, கடத்தல், அண்ணன் தம்பிக்குள்ளேயே துரோகம் எல்லாம் இருக்கிறது, வசனத்தின் ஆங்கிலமும் பழைய பாணியில் கடினமானது. இன்னும் ஓரிரு வருஷம் கழித்து, முடிந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து படிக்கிற மாதிரி கொடுங்கள்.

கேள்வி: ரியோவேன்ஸ் கோட்டை. வீக்ராஃப் தனியாக ராம்ஸாவை அடித்துக் கொல்கிறான். வெளியே போய் லெவல் ஏற்றலாம் என்றால் போகவே முடியவில்லை. சேவும் அங்கேயே செய்துவிட்டேன். முப்பது மணி நேர ஆட்டம் போயிற்றா?
— வாசகர், மதுரை

பதில்: போகவில்லை என்று நம்புவோம். ஆனால் இந்த இதழைப் படிக்கும் மற்றவர்கள் எல்லோரும் இந்தப் பதிலை இரண்டு முறை படியுங்கள்.

மூன்றாவது அத்தியாயத்தின் கடைசியில் இந்தக் கோட்டையில் மூன்று சண்டைகள் தொடர்ந்து வரும். வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று, கூரையில் ஒன்று. பழைய ஆட்டத்திலும் மொபைலிலும் நடுவே சேவ் செய்யச் சொல்லிக் கேட்கும், ஆனால் வரைபடத்துக்குத் திரும்ப விடாது. கடைக்குப் போக முடியாது, ஜே.பி. சேர்க்க முடியாது. ஒரே இடத்தில் சேவ் செய்துகொண்டிருப்பவர் அங்கேயே பூட்டப்பட்டுவிடுவார். எனவே எந்தக் கோட்டைக்குள் நுழைவதாக இருந்தாலும், வெளியே வரைபடத்தில் நிற்கும்போது ஒரு சேவ், உள்ளே செய்வது வேறு ஸ்லாட்டில் இன்னொன்று. உங்களிடம் பழைய சேவ் ஏதாவது இருந்தால், இரண்டு மணி நேரம் பின்னால் போனாலும் பரவாயில்லை, அதை எடுங்கள்.

இரண்டாவது சண்டையில் ராம்ஸா தனியாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். வீக்ராஃப் வாளை ஓங்கினால் தூரத்தில் நிற்பவருக்கும் அடி விழும், ஓதல் கிடையாது. நேருக்கு நேர் அடித்துக்கொண்டால் அவர்தான் ஜெயிப்பார். இந்தச் சண்டையை வேகத்தால்தான் ஜெயிக்க வேண்டும். ராம்ஸாவுக்கு டெய்ல்விண்ட் என்ற திறன் உண்டு, போடும்போதெல்லாம் ஸ்பீடு ஒன்று கூடும், தன் மேலேயே போட்டுக்கொள்ளலாம். முதலில் அடிக்கவே அடிக்காதீர்கள். டெய்ல்விண்ட், அடுத்த முறை டெய்ல்விண்ட், அதற்கடுத்ததும் டெய்ல்விண்ட். நாலைந்து முறைக்குப் பிறகு வரிசையைப் பார்த்தால் வீக்ராஃப் பெயர் ஒன்று வருவதற்குள் ராம்ஸா பெயர் இரண்டு வரும். அங்கிருந்து கதை மாறும். ஒன்றில் குணமாகலாம், ஒன்றில் அடிக்கலாம்.

அதுவரை உயிரோடு இருக்க ஆட்டோ பொஷன் வேண்டும். கெமிஸ்ட் ஜாபில் கிடைக்கும் இது, அடி விழுந்தவுடன் தானாகவே ஒரு பொஷனைக் குடிக்கும். நடக்கும் சதவீதம் பிரேவ்தான், மேலே ஸ்டீல் பற்றிச் சொன்னது இதற்காகவும்தான். கையிருப்பில் மட்டமான பொஷன் இருந்தால் அதைத்தான் முதலில் குடிக்கும், 30 ஹெச்.பி. தான் ஏறும். கோட்டைக்குப் போவதற்கு முன்னால் சாதாரண பொஷன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஹை பொஷன் மட்டும் நிறைய வைத்திருங்கள், ஒவ்வொரு தடவையும் 70 ஏறும். ராம்ஸா வேறு ஜாபில் இருந்தால், அவருடைய ஸ்க்வயர் திறன்களை இரண்டாவது கட்டளையாகப் போட மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் டெய்ல்விண்ட் கையில் இருக்காது. மாங்க் ஆக இருந்து இதைச் செய்வது எனக்குப் பிடித்த வழி, சக்ராவும் கூட இருக்கும்.

அதே சண்டையில் பிறகு நடப்பதைச் சொல்ல மாட்டேன். கூடவே வரும் மற்ற நாலு பேரும் தயாராக இருக்கட்டும், அவ்வளவுதான். கூரைச் சண்டையில் நீங்கள் காப்பாற்ற வேண்டிய பெண் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார், தன் இஷ்டத்துக்கு எதிரியை நோக்கி ஓடுவார், உங்களுக்கு முறை வருவதற்கு முன்பே செத்துவிடக்கூட வாய்ப்பு உண்டு. அங்கே பலசாலிகளை விட்டுவிட்டு, இருப்பவர்களில் ஸ்பீடு அதிகம் உள்ளவர்களை மட்டும் பொறுக்கி அனுப்புங்கள். முதல் முயற்சியில் நடக்காவிட்டால் மறுபடி ஏற்றி ஆடுங்கள்.

கேள்வி: ஒரே அடி ஓர் எதிரிக்கு அதிகமாகவும் இன்னொருவனுக்குக் குறைவாகவும் விழுகிறது, கவசம் ஒன்றுதான். காரணம்?
— வாசகர், வேலூர்

பதில்: ராசி. ஒவ்வொருவருக்கும் ஒரு ராசி உண்டு, இரண்டு ராசிகளின் பொருத்தத்தைப் பொறுத்து அடி 25 சதவீதம் கூடவோ குறையவோ செய்யும், மிகப் பொருந்தும் ஜோடிக்கும் பொருந்தவே பொருந்தாத ஜோடிக்கும் அது 50 வரை போகும். குணப்படுத்தும் மந்திரத்துக்கும் இதே கணக்கு. முதல் தடவை ஆடும்போது அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம், அடிக்கும் முன் திரையில் காட்டும் எண்ணிலேயே அது சேர்ந்துதான் வருகிறது. ஒரு தலைவனை அடிக்க வேண்டிய சண்டையில் உங்கள் ஐந்து பேரில் யாருக்கு எண் பெரிதாகக் காட்டுகிறது என்று பாருங்கள், அவரை அவன் பக்கம் அனுப்புங்கள்.